உயிரோடு இருந்தவருக்கு ஒரு கையறுநிலை: பிங்க் ஃபிளாய்டின் ‘விஷ் யூ வேர் ஹியர்’

பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கில ராக் குழுவின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ பாட்டைப் பிரிந்துபோன காதலிக்கான ஏக்கமாக எடுத்துக்கொண்டு கேட்பவர்கள் நிறையப் பேர். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கேட்டு வந்தேன். முதலில் என் கைக்கு வந்த பிரதி ஏதோ ஒரு தொகுப்பிலிருந்து எடுத்தது. அதில் பாட்டின் தொடக்கத்தில் வரும் வானொலி ஓசைகளையும் முடிவில் வரும் காற்றொலியையும் வேண்டாதவை என்று வெட்டிவிட்டிருந்தார்கள். மிச்சமிருந்தது இனிமையான ஒரு கிட்டார் பாட்டு. 2011-இல் வெளியான இரண்டு குறுவட்டுப் பதிப்பை வாங்கி, முழு ஆல்பத்தையும் வரிசை மாறாமல் ஒரே அமர்வில் கேட்டபோதுதான், வெட்டி எறியப்பட்ட அந்த இரண்டு பகுதிகளில்தான் பாட்டின் பொருளே இருக்கிறது என்பது விளங்கியது. இந்த மதிப்புரை அந்தப் பதிப்பில் உள்ள இந்த ஒரு பாட்டைப் பற்றியது.

பாட்டின் பெயரையே தாங்கிய ஆல்பம் 1975 செப்டம்பர் 12 அன்று வெளியானது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ குழுவின் நால்வருக்கும் கற்பனைக்கு எட்டாத புகழையும் பணத்தையும் கொண்டுவந்து கொட்டியிருந்தது. வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டால் அடுத்து எதற்காக ஒன்றுகூடி வாசிப்பது என்ற வெறுமையோடுதான் அவர்கள் லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். உடம்பு அங்கே, மனம் வேறெங்கோ என்ற நிலை. ஆல்பத்தில் ஐந்தே தடங்கள். ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்’ என்ற நெடும்பாட்டு இரண்டாகப் பிளந்து முதலிலும் கடைசியிலும் நிற்கிறது. நடுவில் இசை வணிகத்தைச் சாடும் இரண்டு பாட்டுகள். அவற்றைத் தொடர்ந்து நான்காவதாக நம் பாட்டு வருகிறது.

இந்த வரிசையை விட்டுவிட்டுப் பாட்டைப் பற்றிப் பேசவே முடியாது. மூன்றாவது தடமான ‘ஹேவ் எ சிகார்’, இசை நிறுவன முதலாளி ஒருவர் குழுவின் முதுகில் தட்டிக்கொடுத்துப் பேசுவதுபோல அமைந்த, உரத்த, தடித்த பாட்டு. அதன் முடிவில் எலெக்ட்ரிக் கிட்டார் முழு வீச்சில் போய்க்கொண்டிருக்கும்போதே, யாரோ அதைக் குழாய்க்குள் உறிஞ்சி எடுத்ததுபோல மொத்த ஒலியும் சட்டென்று மெலிந்து, சின்ன வானொலிப் பெட்டியிலிருந்து வரும் ஓசையாகச் சுருங்கிவிடுகிறது. அடுத்து அந்த வானொலியின் திருகு சுழல்கிறது. இரைச்சல், ஏதோ ஒரு பேச்சின் துண்டு, சாய்கோவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனியின் இறுதிப் பகுதியிலிருந்து ஒரு கீற்று, மறுபடி இரைச்சல். குழுவின் கிட்டார் கலைஞரும் பாடகருமான டேவிட் கில்மோர் தன் காரில் இருந்த வானொலியிலிருந்து பதிவு செய்த ஒலிகள் இவை. அந்த இரைச்சலுக்கு நடுவே பன்னிரண்டு தந்திக் கிட்டார் ஒன்று, தொலைவில், கீழொலியும் மேலொலியும் அற்று, எலும்புக்கூடு போல ஒலிக்கத் தொடங்குகிறது.

இனி வரும் கணத்துக்காகவே நான் ஹெட்ஃபோன் அணிந்து கேட்கச் சொல்வேன். வானொலிக் கிட்டார் தன் சுற்றைச் சில முறை வாசித்து முடிக்கையில், அறைக்குள் யாரோ அசையும் ஓசை கேட்கிறது. ஓர் இருமல். மூச்சை உள்ளிழுக்கும் ஒலி. அப்புறம் இன்னொரு கிட்டார், நம் காதருகே, மரத்தின் அதிர்வோடும் நகம் தந்தியில் படும் ஓசையோடும், முழு உடம்போடும் வாசிக்க ஆரம்பிக்கிறது. தனியறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் வானொலியில் வரும் பாட்டோடு சேர்ந்து வாசிக்கிறான் என்பதுதான் காட்சி. வானொலிக்குள் இருப்பவனுக்கு இவன் இருப்பதே தெரியாது. இவன் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் அவன் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. ஒருவன் இங்கே இருக்கிறான், இன்னொருவன் எட்டாத இடத்தில் ஒலிக்கிறான். பாட்டு சொல்ல வந்தது முழுவதையும் ஒரு சொல்கூட இல்லாமல் இரண்டு கிட்டார்களின் ஒலித்தரம் சொல்லிவிடுகிறது. ராக் இசையில் ஒலிப்பதிவு நுட்பம் இத்தனை பொருளோடு பயன்பட்ட இடங்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

அந்தக் கிட்டார் மெட்டு, வாசிக்கக் கற்கும் எல்லோரும் முதல் சில மாதங்களிலேயே முயன்று பார்ப்பது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். வாசித்துப் பார்த்தால் ஒன்று பிடிபடும். ஈ மைனர் 7, ஜி, ஏ 7 சஸ் 4 என்று கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) மாறிக்கொண்டே இருக்க, மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் கிட்டார் கழுத்தின் மூன்றாம் கட்டத்தில் (ஃபிரெட்) மெல்லிய இரண்டு தந்திகளை அழுத்தியபடி அசையாமல் அங்கேயே இருக்கும். அடியில் எல்லாம் நகர்கிறது. மேலே இரண்டு சுரங்கள் மட்டும் போகாமல் காத்துக்கொண்டு நிற்கின்றன. இதைக் கில்மோர் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை, கையில் தானாக வந்து அமைந்த வசதியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு சுரங்கள் எழுப்பும் தீராத ஏக்கம் காதில் விழுந்தபின் அதை விலக்கிவிட்டுக் கேட்க முடிவதில்லை.

யாருக்காக இந்தக் காத்திருப்பு என்பதற்குக் குழுவின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிங்க் ஃபிளாய்டைத் தொடக்கத்தில் வழிநடத்தியவர் சிட் பாரெட். 1967-இல் வந்த முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாட்டுகள் அவர் எழுதியவை. புகழ் வந்த வேகத்திலேயே அவருடைய மனநிலை குலையத் தொடங்கியது. போதைப்பொருளும் அதில் சேர்ந்துகொண்டது. மேடையில் கிட்டாரை வெறுமனே பிடித்துக்கொண்டு நிற்கும் நிலைக்கு வந்தபோது, கேம்பிரிட்ஜ் நாட்களிலிருந்தே அவருடைய நண்பரான கில்மோர் குழுவுக்குள் அழைக்கப்பட்டார். 1968 ஏப்ரலில் பாரெட் விலகிவிட்டதாக அறிவிப்பு வந்தது. இந்தப் பாட்டைப் பாடும் குரல், பாரெட்டின் இடத்தில் வந்து அமர்ந்தவரின் குரல் என்பதை மறக்காமல் கேட்க வேண்டும். இளவயதில் இருவரும் ஒன்றாகக் கிட்டார் பழகியவர்கள், பிரான்சின் தெருக்களில் சேர்ந்து வாசித்துக் காசு சேர்த்தவர்கள். பாரெட் தனியாக வெளியிட்ட ஆல்பங்களுக்குத் தயாரிப்பில் தோள் கொடுத்தவர்களில் கில்மோரும் ஒருவர்.

1975 ஜூன் 5 அன்று, ‘ஷைன் ஆன்’ பாட்டின் ஒலிக்கலவை வேலை நடந்துகொண்டிருந்த அறைக்குள், உடல் பருத்து, தலைமுடியும் புருவமும் மழித்த ஒருவர் வந்து நின்றார். கூட இருந்தவர்களில் ஒருவருக்கும் அவர் யாரென்று உடனே தெரியவில்லை. தெரிந்தபோது சிலர் அழுதுவிட்டார்கள். யாரை நினைத்து அந்தப் பாட்டை எழுதினார்களோ அவரேதான் எதிரில் நின்றுகொண்டிருந்தார். ஆனால் அவர்கள் நினைத்து ஏங்கிய பாரெட் அந்த உடம்பில் இல்லை.

தமிழில் கையறுநிலை என்றொரு துறை உண்டு. தலைவன் மாண்டபின், அவனை நம்பி வாழ்ந்தவர்கள் செயலற்று நின்று பாடுவது. ‘விஷ் யூ வேர் ஹியர்’ என் காதில் ஒரு கையறுநிலைப் பாட்டாகவே விழுகிறது. ஆனால் இங்கே பாடப்படுபவர் சாகவில்லை. பாரெட் அதற்குப் பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இசையுலகை விட்டு விலகி வாழ்ந்து, 2006-இல்தான் இறந்தார். செத்தவரை அழுது தீர்த்துவிடலாம். இருந்துகொண்டே இல்லாமல் போனவரை எப்படி அழுவது என்ற திகைப்பு இந்தப் பாட்டில் இருக்கிறது. அதனால்தான் இதில் ஒப்பாரி இல்லை, குரல் உயர்வதில்லை, தேற்றுவதும் இல்லை.

அப்படியென்றால் இது பாரெட்டைப் பற்றிய பாட்டு மட்டும்தானா? கில்மோர் இதைப் பாடும்போது சிட்டை நினைக்காமல் இருக்க முடிவதில்லை என்று சொல்லியிருக்கிறார். வரிகளை எழுதிய, குழுவின் பாஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸோ, வாழ்க்கையில் முழு மனதோடு நிற்க முடியாமல் போன தன்னை நோக்கியே இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டதாகப் பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். எழுதியவர் ஒருவரை நினைக்கிறார், பாடுபவர் இன்னொருவரை நினைக்கிறார். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வரிகள் இரண்டையும் தாங்குகின்றன, அதற்கு அவை அமைந்திருக்கும் விதமே காரணம்.

முதல் சரணம் முழுவதும் ஒரே கேள்வி. இதையும் அதையும் பிரித்தறிய உன்னால் முடியும் என்று நினைக்கிறாயா? சொர்க்கமும் நரகமும், நீலவானமும் வேதனையும் என்று பழகிய இணைகளாகத்தான் தொடங்குகிறது. ஆனால் போகப்போக இணைகள் நழுவுகின்றன. பசும்புல்வெளிக்கு எதிரில் குளிர்ந்த இரும்புத் தண்டவாளம் வருகிறது, புன்னகைக்கு எதிரில் முகத்திரை வருகிறது. இவை எதிர்ச்சொற்களே அல்ல. புன்னகையே ஒரு திரையாக இருக்கலாமே என்று கேட்பவருக்குத் தோன்றும்போது, பிரித்தறியும் தேர்வில் அவரும் தோற்றிருப்பார்.

இரண்டாம் சரணத்தில் கேள்வி பண்டமாற்றுக்கு மாறுகிறது. உன்னிடமிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு எதை உன் கையில் கொடுத்தார்கள்? நாயகர்களைக் கொடுத்துவிட்டு ஆவிகளை வாங்கிக்கொண்டாயா என்று தொடங்குவதால், அடுத்து வருவதெல்லாம் நஷ்டக் கணக்கு என்றே காது எடுத்துக்கொள்கிறது. ஆனால் வரிசையாகப் பாருங்கள். சூடான சாம்பலைக் கொடுத்து மரங்களை வாங்குவதும், வெப்பக் காற்றைக் கொடுத்துக் குளிர்ந்த தென்றலை வாங்குவதும் எப்படி நஷ்டம் ஆகும்? சொற்களை இருக்கிறபடியே படித்தால் அது லாபம். வாட்டர்ஸ் வேண்டுமென்றே திசையைப் புரட்டிப் போட்டாரா, அல்லது ஓசைக்காக அப்படி அமைந்ததா என்பதைப் பற்றி ரசிகர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். என் கருத்தில் இந்தக் குழப்பமே பாட்டுக்கு வேண்டியது. எது வரவு, எது செலவு என்று தெரியாத நிலைக்குக் கேட்பவரைக் கொண்டுவந்து விடுகிறது. முதல் சரணம் கேட்ட கேள்வி இப்போது நம்மையே வந்து தைக்கிறது. அந்தக் குழப்பத்துக்குப் பிறகுதான், போரில் ஒரு சிறிய வேடத்தை விட்டுக்கொடுத்துக் கூண்டுக்குள் கதாநாயகன் வேடத்தை ஏற்றாயா என்ற கடைசிக் கேள்வி ஐயத்துக்கே இடமில்லாமல் வந்து விழுகிறது. 1975-இல் உலகப் புகழின் உச்சியில் நின்ற ஒருவர் தன் கைப்பட எழுதியது அது.

இந்தப் பாட்டில் பல்லவி என்று ஒன்று கிடையாது. தலைப்பாக நிற்கும் சொற்கள், ராக் இசையின் வழக்கப்படி திரும்பத் திரும்ப வந்து காதில் பதிய வேண்டியவை, பாட்டின் பாதியைத் தாண்டிய பிறகே மூன்றாம் சரணத்தில் வருகின்றன. அந்தச் சரணத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வருவதோடு சரி. அதுவரை ‘நீ’ என்று முன்னால் நிற்பவரைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்த குரல் இங்கே ‘நாம்’ என்று இறங்கி வருகிறது. ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லுக்குள் கேட்பவர் அடங்குவாரா இல்லையா என்பது தெளிவில்லை. தமிழில் ‘நாங்கள்’ என்றும் ‘நாம்’ என்றும் பிரித்தே ஆக வேண்டும். இங்கே ‘நாம்’ தவிர வேறெதுவும் பொருந்தாது என்பதைத் தமிழில் யோசித்தபோதுதான் நான் உணர்ந்தேன். ஆண்டுக்கணக்காக ஒரே கண்ணாடித் தொட்டிக்குள் வழிதவறிச் சுற்றிவரும் இரண்டு உயிர்கள் என்ற உவமை அடுத்து வருகிறது. விசாரித்தவரும் கடைசியில் அதே தொட்டிக்குள்தான் இருக்கிறார்.

தலைப்பைத் தமிழாக்கிப் பார்த்தாலும் இதே போன்ற ஓர் இடத்தில் வந்து நிற்போம். ‘நீ இங்கே இருந்தால் நன்றாக இருக்கும்’ என்றால் வரும் வழி திறந்திருக்கிறது. ‘இருந்திருக்கலாம்’ என்றால் கதவைச் சாத்திவிட்டோம். ஆங்கிலத் தொடர் இந்த இரண்டுக்கும் நடுவே, முடிவு சொல்லாமல் நிற்கிறது. தவிர, அது விடுமுறைக்குப் போனவர்கள் வீட்டுக்கு அனுப்பும் படக்கார்டுகளில் யோசிக்காமலே எழுதும் தேய்ந்த வாசகம். முதல் பதிப்பு இசைத்தட்டோடு ஒரு படக்கார்டையும் சேர்த்தே விற்றார்கள். தட்டின் உறையில் கைகுலுக்கும் இருவரில் ஒருவர் தீப்பற்றி எரிந்துகொண்டிருக்க, அந்தப் படத்தையும் கறுத்த பிளாஸ்டிக் தாளால் மூடி மறைத்திருந்தார்கள். எத்தனையோ பேர் பொருளில்லாமல் எழுதித் தேய்த்த நான்கு சொற்களுக்கு முழுப் பொருளையும் மீட்டுக் கொடுத்ததுதான் வாட்டர்ஸின் பெரிய சாதனை என்று நான் கருதுகிறேன்.

பாடும் முறையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 தட்டு என்ற மெதுவான நடை. ரிச்சர்ட் ரைட்டின் பியானோவும் நிக் மேசனின் டிரம்ஸும் முந்திக்கொள்ளாமல் பின்னாலேயே வருகின்றன. கில்மோரின் குரல் மேலிடங்களில் கரகரக்கிறது, அதை மழுப்பாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். சொற்கள் தீர்ந்தபின் அவர் கிட்டாரில் வாசிப்பதையே சுரம் பிசகாமல் சொல்லில்லாக் குரலில் கூடவே பாடுகிறார். தொடக்கத்தில் வானொலியோடு சேர்ந்து வாசித்தவருக்கு இப்போது துணையாக இருப்பது அவருடைய குரல் மட்டுமே. அந்தக் குரலின் மேல் மெல்லக் காற்று எழுந்து, வளர்ந்து, எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய், ‘ஷைன் ஆன்’ பாட்டின் இரண்டாம் பாதியில் கொண்டுபோய் விடுகிறது. முழுத் தடமும் 5 நிமிடம் 34 நொடி.

2011 பதிப்பை வாங்கச் சொல்ல எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, ஒலிப் பொறியாளர் ஜேம்ஸ் கத்ரியின் மறுபதிப்பில் வானொலிக் கிட்டாருக்கும் அறைக் கிட்டாருக்கும் இடையே உள்ள தூரம் அத்தனை துல்லியமாகக் கேட்கிறது. பழைய மலிவான பிரதிகளில் இருமலும் மூச்சும் இரைச்சலில் கலந்துவிடும். இரண்டாவது காரணம் இரண்டாம் வட்டில் இருக்கிறது. 1975-இல் ஆபி ரோடின் இன்னோர் அறையில் வயலின் மேதை யெஹுதி மெனுஹினோடு பதிவுக்கு வந்திருந்த பிரெஞ்சு ஜாஸ் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியை அழைத்து இந்தப் பாட்டுக்கு வாசிக்க வைத்திருக்கிறார்கள். வெளியான பாட்டில் அவருடைய வயலின் முடிவுக் காற்றொலிக்கு அடியில், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் ஒழியத் தெரியாத அளவில் புதைந்துபோனது. உறையில் அவர் பெயரும் இல்லை. அழிந்துவிட்டதாக நம்பப்பட்ட அந்த வடிவம் முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து இந்த வட்டில் முழுமையாக வெளிவந்தது.

கிராப்பெல்லியின் வாசிப்பு மிக அழகு. வளைந்து, துள்ளி, சிரித்துக்கொண்டே சோகத்தைத் தொடும் வில். ஆனாலும் குழுவினர் அதை ஒதுக்கியது சரியே என்று சொல்லத் தயங்க மாட்டேன். அந்த வயலின் பாடுபவருக்கு நல்ல துணையாக வந்துவிடுகிறது. அது கேள்விக்கு மறுமொழி சொல்கிறது, ஆறுதல் தருகிறது. பாட்டின் அறைக்குள் இன்னொருவர் வந்து உட்கார்ந்துவிட்டால் யாருக்காகவும் ஏங்க வேண்டியதில்லையே. இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஓர் இசைக்குழு எதை விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுப்பதன் அருமை தெரியும்.

குறைகளும் உண்டு. இரண்டாம் வட்டின் மற்ற பகுதிகள், குறிப்பாக 1974 வெம்ப்ளி மேடைப் பதிவுகள், நெடுநாள் ரசிகர்களுக்குப் புதையலாக இருக்கலாம். இந்தப் பாட்டைத் தேடி வருபவருக்கு அவை தேவைப்படாது. மேடையில் இந்தப் பாட்டைக் கேட்பதிலும் எனக்கு மனக்குறை உண்டு. முதல் கிட்டார் ஒலி எழுந்ததுமே ஆயிரக்கணக்கானோர் ஆரவாரித்துச் சேர்ந்து பாடத் தொடங்கிவிட, தனியறையில் ஒருவன் என்ற காட்சி அங்கேயே கலைந்துவிடுகிறது.

அதற்கு ஒரே ஒரு விலக்கு, 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த லைவ் 8 என்ற வறுமை எதிர்ப்பு இசை நிகழ்ச்சி. 1985-இல் குழுவை விட்டு விலகி, மற்றவர்களோடு வழக்காடிய வாட்டர்ஸ், அன்று கில்மோரின் பக்கத்தில் கிட்டாரோடு நின்றார். இங்கே இல்லாதவர்களுக்காக, குறிப்பாக சிட்டுக்காக இதை வாசிப்பதாக அவர் கூட்டத்திடம் சொன்னார். சரணங்களை இருவரும் பங்கிட்டுப் பாடினார்கள். ஒரே தொட்டிக்குள் இருக்கும் இரண்டு உயிர்கள் என்ற வரி வந்தபோது, எழுதியவரும் பாடியவரும் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதை ஒரே மேடையில் நின்று சொன்னார்கள். பாரெட் அப்போது கேம்பிரிட்ஜில் உயிரோடுதான் இருந்தார். வரவில்லை.